பத்திரத்தை வைத்து வடக்கே போனவர்கள்

(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெக்சிகோவின் தெற்கிலும் குவாதமாலா, ஹோண்டுராஸ் மலைகளிலும் 'கொயோட்டே' என்றொரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. நரியைப் போன்ற, ஓநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு விலங்கின் பெயர் அது. அந்தப் பெயரை அங்கே இரண்டு தொழில்காரர்களுக்கு வைத்திருக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் வண்டியோடு மலையேறி வந்து, சிறு விவசாயியின் அவசரம் பார்த்து, அவருடைய காபியை அடிமாட்டு விலைக்கு எடுத்துப் போகும் தரகர் ஒரு கொயோட்டே. பணம் வாங்கிக்கொண்டு ஆளை அமெரிக்க எல்லைக்குள் கொண்டுபோய் விடுகிறவர் இன்னொரு கொயோட்டே. முதலாமவரிடம் பட்டவர் பல நேரம் இரண்டாமவரைத் தேடிப் போகிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவே அந்த விவசாயியின் குடும்பத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

'சட்டவிரோதக் குடியேற்றம் ஏன்?' என்று கேட்டால் நம்மில் பத்தில் ஒன்பது பேர் 'வறுமை' என்போம். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அண்மைக் காலத்தில் குவாதமாலாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஓர் ஆளைக் கொண்டுபோக கொயோட்டே கேட்கும் தொகை பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. பரம ஏழை இதற்கு எங்கே போவார்? காலடி மண் சொந்தமில்லாதவருக்கு யார் கடன் கொடுப்பார்கள்? மைக்கேல் கிளெமன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் பல நாட்டுப் புள்ளிவிவரங்களை வைத்துக் காட்டியது இதுதான்: மிக ஏழையான நாடு கொஞ்சம் முன்னேறும்போது அங்கிருந்து வெளியேறுகிறவர்கள் குறைவதில்லை, கூடுகிறார்கள். நபர்வாரி வருமானம், விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டிய கணக்கில், எட்டாயிரம் பத்தாயிரம் டாலரை எட்டிய பிறகே அது இறங்கத் தொடங்குகிறது. எங்கும் எப்போதும் செல்லும் விதி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனாலும் 'உதவிப் பணம் கொடுத்தால் கிளம்ப மாட்டார்கள்' என்று நம்பும் அரசுகள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

ஆக, போகிறவர் ஒன்றுமே இல்லாதவர் இல்லை. கொஞ்சம் வைத்திருந்து, அது கைநழுவுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். அவரிடம் ஒரு துண்டு நிலமும், அதற்கு ஒரு பத்திரமும் இருக்கிறது.

இந்தப் பயணம் எப்படித் தொடங்கியது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோக்காரர்கள் தாங்களாகச் சுவரேறிக் குதித்து அறிமுகமானவர்கள் இல்லை, அழைத்துப் போகப்பட்டவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, 1942-இல் அமெரிக்க அரசே மெக்சிகோவோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 'பிராசெரோ' திட்டம் என்று பெயர். கையால் உழைப்பவர் என்று பொருள். 1964 வரை நடந்த அந்தத் திட்டத்தில் சுமார் 46 லட்சம் பணி ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தொடக்க ஆண்டுகளில் கூலியில் பத்து சதவீதத்தைச் சேமிப்பு என்று பிடித்துவைத்தார்கள். அந்தப் பணம் பலருக்கு வந்து சேரவே இல்லை. கிழவர்களான பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திட்டம் நின்றது. 1968 முதல் மேற்கு அரைக்கோள நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,20,000 குடியேற்ற அனுமதிகள் என்று உச்சவரம்பு வந்தது. 1976-இல் ஒரு நாட்டுக்கு 20,000 என்று இன்னும் இறுக்கினார்கள். ஆனால் தக்காளி பறிக்க அப்போதும் ஆள் தேவைப்பட்டது. அதே முதலாளிக்கு அதே தொழிலாளியின் மகன் தேவைப்பட்டான். காகிதம் மட்டும் இல்லாமல் போயிற்று. நேற்றுவரை ஒப்பந்தக் கூலி, இன்று சட்டவிரோதி.

இனி என் மனத்துக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன்: காபி.

1962 முதல் உலகக் காபி வணிகத்துக்கு ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் இருந்தது. எந்த நாடு எத்தனை மூட்டை ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு வைத்து, விலை அதலபாதாளத்துக்குப் போகாமல் பிடித்துவைத்திருந்தார்கள். குறைகள் நிறைந்த ஏற்பாடுதான். ஆனால் மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருந்தவருக்கு அடுத்த ஆண்டு என்ன கிடைக்கும் என்பது உத்தேசமாகவாவது தெரிந்திருந்தது. 1989 ஜூலையில் அந்த ஒதுக்கீடு குலைந்தது. விலை சில மாதங்களிலேயே ஏறக்குறைய பாதியானது. அதே 1989-இல் மெக்சிகோ அரசும் தன் காபி நிறுவனமான 'இன்மெகாஃபே'யைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளத் தொடங்கியது. 1993-இல் மூடியே விட்டது. அந்த நிறுவனம் கொட்டையை வாங்கியது, முன்பணம் கொடுத்தது, உரம் கொடுத்தது. அதில் ஊழல் இருந்தது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். அது போன மறுநாள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர் யார் என்றால், நம் முதல் கொயோட்டே.

இதற்கிடையில் அரசு ஊக்கம் கொடுக்க வியட்நாம் காபியில் இறங்கியது. 1990-இல் பெயர் சொல்லும்படி இல்லாத நாடு, பத்தே ஆண்டில் பிரேசிலுக்கு அடுத்த இடம். வியட்நாம் விவசாயி மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் 2001 கடைசியில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு அராபிகா 50 சென்டுக்கும் கீழே போனது. பறிக்கிற கூலிக்கே கட்டாத விலை. பழம் செடியிலேயே கறுத்துக் காய்ந்தது.

அந்த ஆண்டு மே மாதம் அரிசோனா பாலைவனத்தில், யூமாவுக்குக் கிழக்கே, வழிகாட்டியோடு எல்லை தாண்டிய ஒரு குழு வழி தவறியது. பதினான்கு பேர் வெயிலில் செத்துப்போனார்கள். அவர்களில் பலர் வெராக்ரூஸ் மாநிலத்தவர்கள். வெராக்ரூஸ் மலைகள் மெக்சிகோவின் முக்கியமான காபி நிலம். பாலைவனத்தையே பார்த்திராத, மழையிலும் பனிமூட்டத்திலும் வளர்ந்த ஆட்கள். லூயிஸ் ஆல்பெர்தோ உர்ரேயா அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். செய்தித்தாள்களில் அது எல்லைச் செய்தியாக வந்தது. என்னைக் கேட்டால் அது சந்தைப் பக்கத்தில் காபி விலைக்கு அருகே வந்திருக்க வேண்டிய செய்தி.

காபி மலையை விட்டுக் கீழே இறங்கினால் மக்காச்சோளம். இதைப் பற்றிப் பேசும்போது நாம் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். மேடைகளில் இது மிக எளிமையாகச் சொல்லப்படும் கதை: 1994 ஜனவரி 1-இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தமான நாஃப்டா வந்தது, அமெரிக்கச் சோளம் வெள்ளமாய்ப் பாய்ந்தது, மெக்சிகோ விவசாயி அழிந்தான், வடக்கே ஓடினான். இதில் பாதி சரி.

மக்காச்சோளம் பிறந்த மண் மெக்சிகோ. ஐம்பதுக்கு மேற்பட்ட நாட்டு இனங்கள் அங்கே உண்டு. சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே வயலில் கலந்து போடுவதை 'மில்பா' என்கிறார்கள். அமெரிக்காவின் அயோவாவில் மானியத்தோடும் இயந்திரத்தோடும் ஒரு ஹெக்டேரில் எட்டு டன் எடுப்பவரோடு, மானாவாரியில் இரண்டு டன் எடுப்பவரைப் போட்டிக்கு நிறுத்தினார்கள். பதினைந்து ஆண்டுகளில் படிப்படியாக வரியைக் குறைப்போம், அதற்குள் விவசாயி சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 2008 வரை அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தை மெக்சிகோ அரசே பயன்படுத்தவில்லை. ஒதுக்கீட்டுக்கு மேல் வந்த சோளத்துக்கும் வரி வாங்காமல் விட்டது. கோழித் தீவனத்துக்கு மலிவாகச் சோளம் வேண்டுமே! விளைந்த இடத்தில் விலை பாதிக்கும் கீழே போனது. சோளத்தை ஆதரவு விலைக்கு எடுத்துவந்த 'கொனாசுபோ' என்ற அரசு நிறுவனத்தையும் 1999-இல் மூடினார்கள்.

மற்றப் பாதி என்னவென்றால், மெக்சிகோவின் சோள விளைச்சல் குறையவில்லை, கூடியது. வடமேற்கே சினலோவா மாநிலத்துப் பாசன நிலங்களில் பெரும் பண்ணைகள் நன்றாகவே செய்தன. தெற்கே ஒவஹாக்காவிலும் சியாபாஸிலும் சிறு விவசாயியும் சோளம் போடுவதை விடவில்லை. தின்ன வேண்டுமே, விதையையும் காப்பாற்ற வேண்டுமே. அவர் விட்டது சோளத்தை விற்று உப்பும் துணியும் பள்ளிக் கட்டணமும் வாங்கும் வாழ்க்கையை. வேளாண்மையில் இருந்தவர்கள் 1993 கடைசியில் 81 லட்சம், 2002-இல் 68 லட்சம். மகன் கலிஃபோர்னியாவிலிருந்து அனுப்பும் டாலரில் அப்பா ஊரில் நட்டத்துக்குச் சோளம் விதைத்துக்கொண்டிருந்தார். மில்பாவுக்கு மானியம் கொடுத்தது ஃபிரெஸ்னோவில் திராட்சை பறித்த கை.

அப்போதைய அதிபர் சாலினாஸ் இந்த ஒப்பந்தத்துக்காக வாதாடும்போது திரும்பத் திரும்பச் சொன்ன காரணம், மெக்சிகோ சரக்கை அனுப்பினால் ஆளை அனுப்ப வேண்டியிருக்காது என்பது. நடந்தது என்ன? அமெரிக்காவில் காகிதமில்லாமல் இருந்தவர்கள், எல்லா நாட்டவரையும் சேர்த்து, 1990-இல் சுமார் 35 லட்சம். 2007-இல் 1 கோடியே 22 லட்சம். இது பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீடு. அந்த 2007-இல் பாதிக்கு மேல் மெக்சிகோக்காரர்கள்.

இதற்கு நாஃப்டாவை மட்டும் குற்றம் சொல்வது தவறு. ஒப்பந்தம் வந்த அதே ஆண்டு டிசம்பரில் பெசோ விழுந்தது. ஒரு டாலருக்கு மூன்றரைக்கும் குறைவாக இருந்தது, சில மாதங்களில் ஏழைத் தொட்டது. 1995-இல் பொருளாதாரம் ஆறு சதவீதம் சுருங்கியது. வட்டி ஏறிய ஏற்றத்தில், டிராக்டருக்குக் கடன் வாங்கியவர் டிராக்டரோடு நிலத்தையும் கொடுக்க வேண்டிய நிலை. இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படும் ஓர் இயக்கம் வருகிறது. 'எல் பார்சோன்' என்று பெயர். பார்சோன் என்றால் நுகத்தடியையும் ஏர்க்காலையும் சேர்த்துக் கட்டும் வார். கடனாளிகளின் சங்கம்! 1993-லேயே, அதாவது பெசோ விழுவதற்கு முன்பே தொடங்கியது. டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு வந்து குவாதலஹாரா நகரச் சதுக்கத்தில் நிறுத்தி வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கடன் பட்டிருக்கிறோம், மறுக்கவில்லை, நியாயமானதைக் கட்டுகிறோம் என்பது அவர்கள் கோஷம். கூலிக்காரர்களும் பஞ்சைப் பராரிகளும் சேர்ந்த கூட்டமில்லை இது. நிலமும் டிராக்டரும் வைத்திருந்தவர்கள். வங்கிகளின் வாராக் கடனை அரசு பொதுப்பணத்தில் ஏற்றுக்கொண்டது. ஏரோட்டியவரின் கடனுக்கு அந்த அளவு இரக்கம் கிடைக்கவில்லை.

இப்படி நிலம் கைவிடும்போது ஒரு குடும்பம் என்ன செய்யும்? நம் ஊரில் மழை பொய்த்தால் என்ன செய்வார்கள்? ஒரு மகனை நிலத்தில் விட்டுவிட்டு இன்னொருவனைத் திருப்பூருக்கோ துபாய்க்கோ அனுப்புவார்கள். எல்லா முட்டையும் ஒரே கோழி இடக் கூடாது என்ற கணக்கு. ஓடெட் ஸ்டார்க், டேவிட் புளூம் இருவரும் 1985-இல் இதைத்தான் பொருளியல் மொழியில் எழுதினார்கள்: போவது தனி ஆள்தான், முடிவெடுப்பது குடும்பம். பயிர்க் காப்பீடு இல்லாத ஊரில், வேலையிழப்புப் படி இல்லாத ஊரில், நியாய வட்டிக்குக் கடன் கிடைக்காத ஊரில் ஒரு பிள்ளையை அனுப்புவதுதான் காப்பீடு. காபிக்கு விலை போனாலும் சிகாகோவில் தட்டுக் கழுவும் கூலி போகாது. சோளமும் அந்தக் கூலியும் ஒரே நாளில் விழாது. என் பாட்டி பொருளியல் படித்தவரில்லை. நான்கு பிள்ளைகளில் யாரைக் கொழும்புக்கு அனுப்புவது என்று அவர் எடுத்த முடிவு அவர்கள் இருவரின் கட்டுரைக்கு அரை நூற்றாண்டு முந்தையது.

ஆனால் காப்பீட்டுக்குத் தவணை கட்ட வேண்டுமே. அதைப் பார்க்க நாம் குவாதமாலாவின் மேற்கு மலைக்குப் போக வேண்டும். நெபாஹ் என்று ஓர் ஊர், ஈஷில் மாயா மக்கள் வாழ்வது. 1980-களின் தொடக்கத்தில் உள்நாட்டுப் போரில் ராணுவம் சுற்றுக் கிராமங்களைத் தீயிட்ட பகுதி. போர் முடிந்ததும் தொண்டு நிறுவனங்கள் வந்தன, நுண்கடன் வந்தது. டேவிட் ஸ்டோல் என்ற மானிடவியலாளர் அந்த ஊரைப் பல்லாண்டுகள் பார்த்து எழுதியிருக்கிறார். கோழி வளர்க்க, தறி போட என்று கொடுத்த கடன் வேறு வேலை செய்தது. அது கொயோட்டேயின் கூலியானது. போதாததற்கு உள்ளூர்க் கடன்காரரிடம் வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ கொடுத்துப் பணம் வாங்கினார்கள். வட்டி மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து வரை. நம் பக்கத்தில் 'பத்து வட்டி' என்றால் விளக்கம் தேவையில்லை.

முதலில் போனவர்கள் அனுப்பிய பணத்தில் மாடி வீடுகள் எழுந்தன. ஊரில் நிலம் விலை ஏறியது. யாரும் வெளியே போகாத குடும்பத்துக்கு இனி ஒரு காணி வாங்க வழியில்லை; ஆகவே அந்த வீட்டுப் பையனும் கிளம்பினான். வருமானம் குறையாமலேயே ஒரு குடும்பம் ஏழையாகும் விதம் இது. 2008-இல் அமெரிக்காவில் கட்டட வேலை படுத்தது. பணம் வருவது நின்றது. ஒருவர் இன்னொருவரிடம் வாங்கி மற்றொருவருக்குக் கொடுத்திருந்த சங்கிலி அறுந்தது. ஊரே கடனில் மூழ்கியது. நாடு கடத்தப்பட்டுத் திரும்பியவரை வரவேற்றது அம்மா மட்டுமில்லை, கடன்காரரும்தான். அந்தக் கடனை நெபாஹ் கூலியில் அடைக்க ஆயுள் போதாது. அடைக்கக்கூடிய கூலி ஓரிடத்தில்தான் இருந்தது. அவர் மறுபடி கிளம்பினார். கொயோட்டேக்களும் இதைத் தெரிந்துதான் ஒரே விலைக்கு மூன்று முயற்சி என்று பேசுகிறார்கள். பிடித்துத் திருப்பி அனுப்பினால் ஆசை போய்விடும் என்று நினைக்கிற அதிகாரிக்கு, ஆளைத் திருப்பி அனுப்பலாம், வட்டியைத் திருப்பி அனுப்ப முடியாது என்பது புரிவதில்லை.

கடன் ஆளைக் கட்டிப்போடுவது தமிழருக்குப் புதிதா? இலங்கைத் தோட்டங்களில் கங்காணியிடம் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. கூட்டத்து ஆட்கள் பட்டிருக்கும் கடன் எவ்வளவு என்று தோட்டத்து நிர்வாகம் எழுதிக் கொடுத்த சீட்டு. வேறு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்கள் கைமாறுவார்கள். 1921-இல்தான் அதைச் சட்டப்படி ஒழித்தார்கள்.

எல்லைக் காவலைப் பற்றி ஒரு வார்த்தை. 1965-க்கும் 1985-க்கும் இடையே காகிதமில்லாமல் போன மெக்சிகோக்காரர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் திரும்பிவிட்டார்கள் என்று டக்ளஸ் மாஸி குழுவினர் கணக்கிட்டிருக்கிறார்கள். அறுவடைக்குப் போவார்கள், திருவிழாவுக்கு வந்துவிடுவார்கள். 1993-இல் எல் பாசோவிலும் 1994-இல் சான் தியேகோவிலும் காவலை இறுக்கினார்கள். வழி பாலைவனத்துக்குத் திரும்பியது, கொயோட்டேயின் கூலி ஏறியது, கடனும் ஏறியது. அவ்வளவு செலவழித்துப் போனவர் திருவிழாவுக்கு வருவாரா? மனைவி பிள்ளைகளை அங்கே வரவழைத்தார். வெளியே நிறுத்தப் போட்ட வேலி, உள்ளே இருந்தவரைப் பூட்டியது. போய்வந்தவர்கள் தங்கிவிட்ட கதை நமக்கும் உண்டு. இலங்கையில் காபி இருந்தவரை நம் ஆட்கள் மன்னார் வழி நடந்து போய், பறித்து முடித்துத் திரும்பினார்கள். வருஷம் முழுக்க ஆள் கேட்கும் தேயிலை வந்ததும் தங்கினார்கள். பிற்பாடு அவர்கள் வம்சத்துக்கு அந்த நாடு கொடுத்த பெயர் 'கள்ளத்தோணி'. மெக்சிகோக்காரருக்கு 'மொஹாதோ', நனைந்தவன். ஆற்றைக் கடந்து வந்தவன் என்ற ஏளனம்.

மெக்சிகோ அலை 2007-க்குப் பிறகு அடங்கியதற்கு வேலி ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் மெக்சிகோ வீடுகளுக்குள் இருந்தது. 1970 வாக்கில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஏழு பிள்ளைகள், 2010-இல் இரண்டுக்குச் சற்று மேல். அனுப்ப உபரிப் பிள்ளை இல்லை.

இலங்கைக் காபியை அழித்தது எது என்று சொல்லாமல் விட்டேன். 1869-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய். இருபது ஆண்டுகளில் காபி போய்த் தேயிலை வந்தது. அதே பூஞ்சை 1970-இல் பிரேசிலுக்கும், 1976-இல் மத்திய அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்கு 'ரோயா' என்று பெயர். 2012-இல் அது ஒரே வீச்சில் மலைகளைப் பிடித்தது. குவாதமாலா 2013-இல் நெருக்கடி நிலை அறிவித்தது. இலையெல்லாம் மஞ்சள் பொடி, பிறகு மொட்டைக் கிளை. நோய் வந்தால் விலையாவது ஏற வேண்டும். 2011-இல் பவுண்டுக்கு மூன்று டாலரைத் தொட்ட விலை 2013 கடைசியில் ஒரு டாலரை ஒட்டி வந்துவிட்டது.

ஹோண்டுராஸில் நோயைத் தாங்கும் 'லெம்பிரா' ரகத்தைப் போடச் சொன்னார்கள். நாட்டின் பணத்துக்கும் அதே பெயர்தான். விவசாயிகள் பழைய செடியைப் பிடுங்கி, கடன் வாங்கி, புதிது நட்டார்கள். காபிச் செடி காய்க்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். வட்டி மாதாமாதம் காய்க்கும். 2017-இல் லெம்பிராவும் ரோயாவுக்குப் பணிந்தது. 2018 ஆகஸ்டில் விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது.

அந்த அக்டோபரில் ஹோண்டுராஸின் சான் பெத்ரோ சூலா நகரிலிருந்து ஒரு கூட்டம் வடக்கே நடக்கத் தொடங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சில நூறு பேராகக் கிளம்பி, மெக்சிகோ எல்லை ஆறான சுச்சியாத்தேக்கு வரும்போது ஆயிரக்கணக்கில் பெருகியது. குற்றக் கும்பல்களின் மிரட்டலுக்குத் தப்பியவர்களும் அதில் நிறையப் பேர். அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் அதைப் படையெடுப்பு என்றார்கள். ஏன் அப்படிக் கூட்டமாகப் போனார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. கூட்டமாகப் போனால் வழிப்பறிக்குப் பயப்பட வேண்டாம், கொயோட்டேயும் வேண்டாம். இதுவரை நான் சொன்னவர்கள் பத்திரம் வைத்துப் போனவர்கள். தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு சுச்சியாத்தே ஆற்றுப் பாலத்தில் நின்றவர்களில் பலரிடம் வைப்பதற்குப் பத்திரமே இல்லை.